புதுப்பிப்பு: நார்க்கட்டிக்குக் கருத்தடை மாத்திரை, 3 மாதம் கழித்து

கர்ப்பப்பையில் 4 செ.மீ. நார்க்கட்டி, உதிரப்போக்குக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கட்டி வளர்ந்துவிடுமோ என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தேன். அதே 4 செ.மீ.தான். மாத்திரை கட்டியைக் கரைக்காது, உள்சவ்வை மெல்லியதாக்கிப் போக்கைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

எனக்கு அதுவே பெரிது. முன்பெல்லாம் அந்த நாட்களில் கறுப்புச் சேலைதான். பஸ்ஸில் உட்காரப் பயந்து ஜங்ஷன் வரை நின்றே போவேன். போன மாதம் ஐந்தே நாளில் நின்றுவிட்டது. முதல் இரண்டு மாதம் இடையிடையே திட்டுத்திட்டாகப் பட்டது. பயந்து நிறுத்தப் பார்த்தேன், மதினிதான் டாக்டரிடம் கேட்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அப்படி இருக்குமாம்.

அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள். ரத்த அழுத்தமோ, கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.