பட்டனை அமுக்குனா தனி கறுப்பு விண்டோ வரணும்

பூமண்டிக்காரன்:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல சித்தப்பா கமிஷன் கடைக்கு பைத்தான்ல, திரை போட அதோட டிகின்டரை வச்சு பில்லிங் எழுதிக் குடுத்திருக்கேன். விண்டோஸ் 10. 'ராக்கணக்கு' பட்டனை அமுக்குனா இன்னொரு ஸ்கிரிப்ட் ஓடி, விவசாயி வாரியா மல்லி எடையும் தொகையும் வரி வரியா வரணும். அதை ஓட்ட பைத்தானோட ஓஎஸ்.சிஸ்டம் கட்டளையைப் போட்டிருக்கேன். அது முடியுற வரைக்கும் பில் திரை அசைய மாட்டேங்குது. ஏல நேரத்துல சித்தப்பா வாயில விழுந்து எந்திரிக்க முடியலண்ணே.

ஆரப்பாளையம்:
ஓஎஸ்.சிஸ்டம் காத்துக்கிட்டுத்தான் இருக்கும் தம்பி. சப்பிராசஸ்.ரன்னும் அப்படியே. காத்திருக்காம ஓட்டிவிடுற சப்பிராசஸ்.போப்பன் போடுங்க. கூடவே கிரியேஷன்ஃபிளாக்ஸ்ல தனி கறுப்பு விண்டோ திறக்குற கிரியேட்_நியூ_கன்சோல் குடுங்க, அதோட மதிப்பு 16. அது இல்லாட்டி, சிஎம்டியில, அதான் விண்டோஸோட கறுப்பு கட்டளை விண்டோவுல, பில்லிங்கைத் தொடங்கியிருந்தா அதே விண்டோவுலயே எழுதித் தள்ளும்.

பூமண்டிக்காரன்:
வந்துருச்சுண்ணே! ஆனா கணக்கு முடிஞ்சதும் பட்டுனு மறையுது, சித்தப்பா கண்ணாடியை மாட்டுறதுக்குள்ள.

ஆரப்பாளையம்:
ஸ்கிரிப்ட் கடைசியில ஒரு இன்புட்() வைங்க, என்டர் தட்டுற வரை நிக்கும். சிஎம்டி ஸ்லாஷ் கே வழியா ஓட்டுனாலும் சரிதான். ஸ்லாஷ் சி போட்டா மூடிரும்.

மேலூர்க்காரன்:
லினக்ஸ்ல அந்த ஃபிளாக் கிடையாது, ஜினோம்-டெர்மினல் மாதிரி ஒரு டெர்மினலைத்தான் கூப்பிடணும். அது கெடக்கட்டும், பின்னாடி தனியா ஓடுற ஒரு த்ரெட் வச்சு டிகின்டர் டெக்ஸ்ட் பெட்டியிலயே காட்டலாமே?

பூமண்டிக்காரன்:
காட்டலாம்ணே. கறுப்புல எழுத்து ஓடுனாத்தான் கம்ப்யூட்டர் வேலை பாக்குதுன்னு சித்தப்பா நம்புறாரு.