அம்மாவுக்கு இதய வால்வு மாற்றணும், ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அதுவரை எப்படிச் சமாளிப்பது?

தண்டையார்பேட்டை_தம்பி

அம்மாவுக்கு 52 வயது. வீட்டுக்குக் கீழே வாசலிலேயே இட்லிக் கடை, காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டினால் 10 மணி வரை நின்றுகொண்டே வேலை. ஒரு வருடமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எடை கூடிவிட்டது, வயசாகிறது என்று நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. மார்கழியில் ஒரு ராத்திரி படுக்கவே முடியாமல் எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். எக்கோ எடுத்தால் இதயத்தின் இடது பக்க மைட்ரல் வால்வு சுருங்கி, சுண்ணாம்பு படிந்து, கூடவே கசிவும் இருக்கிறது, பலூன் வைத்து விரிக்க முடியாது, மாற்றித்தான் ஆகணும் என்றார்கள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கியதா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், பத்து வயதில் ஒரு மாதம் பள்ளிக்கூடமே போகவில்லை என்று அம்மா அப்போதுதான் சொல்கிறார்.

முதல் தேதி கொடுத்து, அட்மிட் ஆகி, ஐ.சி.யு. படுக்கை காலி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை சுகர் 280. இப்போது "கூப்பிடுகிறோம்" என்கிறார்கள், ஐந்து வாரம் ஆகிறது. போன் அடித்தாலே அம்மா என் முகத்தைப் பார்க்கிறார். நீர் இறங்க லாசிக்ஸ், இதயத் துடிப்பைக் குறைக்க மெட்டோபிரொலால், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மூன்றும் போகிறது. இப்படிக் காத்திருப்பது ஆபத்தா? எந்த வால்வு நல்லது? வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர்_ரோடு_அண்ணன்

தம்பி, எனக்கு 2011-ல் மைட்ரல் மாற்றினார்கள், அப்போது 39 வயது. நானும் மூன்று மாதம் காத்திருந்தவன்தான். ஆபரேஷனை விட அந்த மூன்று மாதம்தான் கஷ்டம், ஏனென்றால் ஆபரேஷனில் நாம் தூங்கிவிடுகிறோம், காத்திருக்கும்போது தூக்கமே வராது.

எந்த வால்வு என்பதை டாக்டர்தான் சொல்வார், ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். உலோக வால்வு தேயாமல் பல வருடம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை. திசு வால்வு என்றால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் 10, 15 வருடத்தில் தேய்ந்துவிடும், திரும்பவும் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். 52 வயதில் மைட்ரலுக்கு உலோகத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு வைத்தது சித்ரா வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கியது, 1990-ல்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். ஒரே ஒரு வட்டத் தட்டு, சாய்ந்து திறந்து மூடும், அவ்வளவுதான் விஷயம். விலையும் வெளிநாட்டு வால்வை விடக் குறைவு.

சத்தம் கேட்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஓடுகிற சத்தத்தில் எனக்கே ஒரு மாதம் தெரியவில்லை. ஒரு நாள் கரண்ட் போய் ஃபேன் நின்றது, என் பெண் எழுந்து வந்து "அப்பா, கடிகாரத்தை எங்கே வைத்தீர்கள்" என்று தேடினாள்.

ஓய்வு_சிஸ்டர்

இதய அறுவை வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள். தம்பி, காத்திருப்பது எல்லோருக்கும் ஒரே ஆபத்து இல்லை. மாத்திரையில் மூச்சு அடங்கி, ராத்திரி படுக்க முடிந்தால் சில வாரம் காத்திருக்க வைப்பது வழக்கம்தான். ஆனால் திரும்பவும் தலையணை அடுக்கி உட்கார்ந்து தூங்குகிற நிலை வந்தால், மயக்கம் போட்டால், இருமலில் ரத்தம் கலந்து வந்தால், இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினால், அவர்கள் கூப்பிடட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், வாய் கோணினால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால் உடனே 108.

எடை எப்படிப் பார்ப்பது என்றால், காலையில் பாத்ரூம் போய்விட்டு, காபி குடிப்பதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையில், காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அந்த எண் சொல்லிவிடும்.

உப்பு. "குழம்பில் உப்பே போடுவதில்லை சிஸ்டர்" என்பார்கள், தட்டில் நெத்திலிக் கருவாடு இருக்கும். காசிமேட்டுப் பக்கத்து ஆட்களிடம் கருவாடு வேண்டாம் என்று சொல்லி நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆனால் லாசிக்ஸ் ஒரு பக்கம் நீரை இறக்க, கருவாடு, அப்பளம், ஊறுகாய் மறுபக்கம் நிறுத்திவைக்கும். அப்புறம் மாத்திரை வேலை செய்யவில்லை என்பார்கள். இட்லிக் கடையில் இருப்பவர், சட்னியை ருசி பார்ப்பதையும் கணக்கில் வையுங்கள்.

பல்லை டாக்டரிடம் காட்டினீர்களா? நீங்கள் எழுதவே இல்லை. சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தம் வழியாகப் போய்ப் புது வால்வில் உட்கார்ந்தால் அவ்வளவுதான், செய்த ஆபரேஷன் மொத்தமும் வீண். பல் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் பெரும்பாலும் தியேட்டருக்கே எடுக்க மாட்டார்கள், கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம். சென்னைக் கோட்டை ரயில் ஸ்டேஷன் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பல் பிடுங்க வேண்டும் என்று அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். முட்டி வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையும் கூடாது, அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

சுகரை இப்போதே ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். பெனிசிலின் ஊசி 21 நாளுக்கு ஒருமுறை தேவையா என்றும் கேளுங்கள், வால்வைக் கெடுக்கிற அந்தச் சின்ன வயது மூட்டுக் காய்ச்சல் பட்டவர்களுக்கு வால்வு மாற்றிய பிறகும் தொடரச் சொல்வதுண்டு.

பழைய_வண்ணை

சிஸ்டர் சொன்னதற்கு மேல் மருத்துவத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை, காகித வேலை மட்டும் சொல்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருந்தால் 5 லட்சம் வரை உண்டு, வால்வு மாற்றுவதும் அதில் வரும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அட்டை போட்டுத் தருவார்கள். அட்டை இருந்தால் ஒரே இடத்தில்தான் காத்திருக்கணும் என்று இல்லை. எக்கோ, ஆஞ்சியோகிராம் பதிந்த சி.டி. தட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரி இதய அறுவை ஓ.பி.யிலும் காட்டலாம். ஸ்டான்லி, சென்னை ஜி.எச். இரண்டு அரசு ஆஸ்பத்திரியிலுமே அந்தத் துறை இருக்கிறது, திட்டத்தில் உள்ள தனியாரும் உண்டு. எங்கள் மாமாவுக்கு இப்படி இன்னொரு இடத்தில் காட்டித்தான் 12 நாளில் தேதி கிடைத்தது. போன் வரும் என்று வீட்டில் உட்காராதீர்கள், வாரம் ஒரு நாள் நேரில் போய் முகத்தைக் காட்டுங்கள், சண்டை மட்டும் வேண்டாம். ரத்தம் கொடுக்க நான்கு பேரை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_தம்பி

எல்லோருக்கும் நன்றி. பல் விஷயம் யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை, இல்லையென்றால் ஒருவேளை சொல்லி நாங்கள்தான் காதில் வாங்கவில்லையோ தெரியாது. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை, இடது பக்கம் மெல்வதே இல்லை. கருவாட்டு விஷயத்தைப் படித்துக் காட்டினேன், யார் அந்தச் சிஸ்டர், நம்ம வீட்டுக்கு வந்திருக்காளா என்று கேட்கிறார்.

ஒரு சந்தேகம். தண்ணி லாரி வந்தால் இரண்டு குடம் தூக்கி மாடி ஏறுவார், சொன்னாலும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்தால் எத்தனை நாள் தூக்கக் கூடாது? அசிட்ரோம் சாப்பிட்டால் முருங்கைக்கீரையே கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாரே, உண்மையா?

ஓய்வு_சிஸ்டர்

கீரை கூடாது என்பது தப்பு. ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமலே இருந்தால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும்.

குடம் இப்போதே கூடாது தம்பி, ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் இல்லை. அப்புறம் நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள், அது ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம், மூன்று மாதம் வரை எடை தூக்கவே விடாதீர்கள், பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளணும், அதை இப்போதே பழக்கிவிடுங்கள். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியும் மெடிக்கலில் கிடைக்கும், எப்படிச் செய்வது என்று ஓ.பி.யில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை_தம்பி

சரி சிஸ்டர். குடத்தை எதிர்வீட்டில் கொடுத்து வைத்துவிட்டேன், எங்கே என்று கேட்டால் ஓட்டையாகிவிட்டது என்று சொல்லப்போகிறேன். இன்று காலை எடை 61.4, எழுதி ஒட்டியாச்சு. நாளைக்கு இதய ஓ.பி.யில் அசிட்ரோமுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை பல்லுக்குப் போகிறோம்.