'லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ்' என்று வந்தால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா?

குழம்பியவன் கேட்டது:
அலுவலகத்தில் ஆங்கில மெயில் எழுதும் வேலை என் தலையில்தான். நேற்று "த லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் அட்டாச்ட்" என்று எழுதிக் காட்டினேன், மேலாளர் அந்த 'ஆர்' மேல் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஐட்டம்ஸ் பன்மைதானே, 'ஆர்'க்குப் பக்கத்திலேயே நிற்கிறதே? போன வாரம் "ஒன் ஆஃப் த ப்ரிண்டர்ஸ் ஆர் டெட்" என்று எழுதியதற்கும் இதே வட்டம். 'ஹீ கோஸ், தே கோ' எல்லாம் தெரியும், வாக்கியம் கொஞ்சம் நீண்டால்தான் தடுமாறுகிறேன். விதிகளை மனப்பாடம் செய்து பார்த்தாயிற்று, எழுதும்போது ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. வேறு வழி இருக்கிறதா?

பழைய பேனா:
வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அட்டாச் செய்தது பட்டியலை, அதனால் 'இஸ்'.

விதியை விடுங்கள், அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "பொருட்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது." 'இணைக்கப்பட்டுள்ளன' என்று உங்களுக்கு வாயில் வராது. ஏனென்றால் தமிழில் முக்கியமான சொல் கடைசியில் வந்து வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' வந்துவிட்டால் அது தலைகீழ், பட்டியல் முன்னால் போய்விடும், பொருட்கள் நடுவில் வந்து வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பதைப் பார்த்தே வினையை முடித்துப் பழகிய நம் காது அங்கேதான் ஏமாறுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதே இடத்தில் சறுக்குவார்கள், அதனால் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

ப்ரிண்டரும் அப்படித்தான். "ப்ரிண்டர்களில் ஒன்று செத்துவிட்டது." ஒன்றுதானே செத்தது? 'இஸ்'.

குழம்பியவன்:
அட, இது நன்றாக இருக்கிறதே! அப்படியானால் "எ நம்பர் ஆஃப் ஃபைல்ஸ்" என்று வந்தால்? நம்பர் ஒருமை, 'இஸ்' தானே?

பழைய பேனா:
இல்லை, 'ஆர்'. 'எ நம்பர் ஆஃப்' என்றால் 'பல', அவ்வளவுதான். பல ஃபைல்கள் இருக்கின்றன. 'த நம்பர் ஆஃப்' என்றால்தான் 'ஃபைல்களின் எண்ணிக்கை', அதற்கு 'இஸ்'. முன்னால் இருக்கும் அந்தக் குட்டிச் சொல்லைப் பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள்.

நடுவில் வந்தவள்:
சகோ சொன்னது சரி, ஆனால் தமிழை முழுதாக நம்பினால் கவிழ்த்துவிடும். 'எல்லோரும் வந்துவிட்டார்கள்' நமக்குப் பன்மை, ஆங்கிலத்தில் 'எவ்ரிஒன் ஹேஸ் கம்'. 'தகவல்கள் கிடைத்தன' என்று நாம் தாராளமாக எழுதுவோம், அங்கே இன்ஃபர்மேஷனுக்குப் பின்னால் 'எஸ்' கிடையாது, வினையும் ஒருமைதான். ஃபர்னிச்சர், அட்வைஸ் எல்லாம் இதே கூட்டம். ந்யூஸ் பார்க்கப் பன்மை மாதிரி இருக்கும், ஒருமை. போலீஸ் பார்க்க ஒருமை மாதிரி இருக்கும், அதற்கு 'ஆர்'. டீம் மாதிரிச் சொற்களுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்', பிரிட்டனில் இரண்டும் உண்டு, அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, நாம் பேசும்போது 'ஃபைல்கள் வந்தது' என்றே சொல்லிவிடுகிறோம், 'அஞ்சு ஃபைல் வந்தது' என்றாலும் யாரும் திருத்துவதில்லை. அஃறிணையில் எண் பார்க்கும் பழக்கமே நம் பேச்சில் போய்விட்டது. ஆங்கிலம் எழுதும்போது அதைத் தனியாக நின்று பார்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் உங்கள் பழைய பழக்கம் பலிக்கிற இடமும் ஒன்று உண்டு: 'நெய்தர் த மேனேஜர் நார் த க்ளார்க்ஸ் வேர் இன்ஃபார்ம்ட்'. இங்கே பக்கத்தில் இருக்கும் க்ளார்க்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

குழம்பியவன்:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். கடைசியாக ஒன்று. "ஷீ இஸ் ஒன் ஆஃப் த கேண்டிடேட்ஸ் ஹூ ஹேவ் அப்ளைட்" என்று எழுதினேன், மேலாளர் 'ஹேஸ்' என்று மாற்றியிருக்கிறார். 'ஒன்' இருப்பதால் அதுதான் சரியா?

பழைய பேனா:
தமிழில் சொல்லுங்கள்: "விண்ணப்பித்தவர்களில் அவரும் ஒருவர்." விண்ணப்பித்தவர்கள் பலர், 'ஹூ' அவர்களைத்தான் பிடித்திருக்கிறது. நீங்கள் எழுதிய 'ஹேவ்' தான் சரி, ஆனால் 'ஹேஸ்' போடுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

நடுவில் வந்தவள்:
தயவுசெய்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விடாதீர்கள்.