உள்ளுறுப்புகளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

கேள்வி – சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) ஆசிரியை
அனைவருக்கும் வணக்கம். கோயில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில் 8, 9 வயதுப் பிள்ளைகள் இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். இரைப்பை எங்கே என்று கேட்டால் தொப்புளைத் தொட்டுக் காட்டுகிறார்கள். படத்தை மட்டும் நம்பாமல் எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி – டர்பன் செவிலியர்
அம்மா, அவர்களுடைய உடம்பிலிருந்தே தொடங்குங்கள். கையை இறுக மூடச் சொல்லி, இதயம் ஏறத்தாழ அந்த அளவுதான் என்று காட்டி, நெஞ்சின் நடுவில் சற்றே இடப்பக்கமாக வைக்கச் செய்யுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலின் பக்கமாக இரு விரல்களை வைத்து நாடியை எண்ணட்டும். சிறிது நேரம் குதித்துவிட்டு மறுபடியும் எண்ணினால், உழைக்கும் தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்ப இதயம் விரைவதை அவர்களே உணர்வார்கள். வலப்புற விலா எலும்புகளுக்கு அடியில் கல்லீரல், இடப்புறம் இரைப்பை, முதுகுப்புறம் சிறுநீரகங்கள் என ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துக்கொண்டே அதன் வேலையைச் சொல்லுங்கள். பெரியவர்களின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் என்பதால், அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டிக் கூடத்தில் விரித்துக் காட்டிவிட்டு, ஒரு சிறு பைக்குள் மடித்து அடக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி – ஃபீனிக்ஸ் வாசகர்
பெற்றோர் சம்மதித்தால், இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கி, நெடுக்காக வெட்டிக் காட்டலாம். இடது கீழறையின் சுவர் வலதைவிடத் தடித்திருப்பதை விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு, வலது அறை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்ப, இடது அறை உடல் முழுவதற்கும் தள்ளவேண்டியிருக்கிறது என்பதை விளக்குவது எளிது. புரட்டாசியில் நம் வீடுகள் பலவற்றில் புலால் நுழையாது. அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் களிமண்ணே போதும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்
நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1967 டிசம்பர் 3 அன்று, கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில், மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டின் குழு, ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தியது. உலகிலேயே அதுதான் முதல்முறை. நோயாளி 18 நாட்கள் உயிர்வாழ்ந்தார். இதைச் சொன்னதும், பாசமும் அந்த இதயத்தோடு போய்விடுமா என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள்; மூளையைப் பற்றிய பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை
மூவருக்கும் மிக்க நன்றி. வரும் சனிக்கிழமை நாடியும் கயிறும்; ஆட்டு இதயத்தைப் பற்றி முதலில் பெற்றோரிடம் பேசிவிடுகிறேன்.