பழைய பாட்டிலில் ‘பாராடைப்’ லேபிள்: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் பட்டியல் போட்டுட்டு இருக்கேன். அலமாரி அடித்தட்டுல, ஆல்கஹால் பாதி வத்துன பாட்டில்ல ஒரு கேடயவால் பாம்பு (மண்ணுக்குள்ள வாழுற, விஷமில்லாத சின்னப் பாம்பு) இருந்துச்சு. நூல்ல கட்டுன சிவப்பு லேபிள்ல ‘பாராடைப்’, ‘ஆனைமலை’, ஒரு எண். சேகரிச்சவர் பேரு, தேதி எல்லாம் மை கரைஞ்சுபோச்சு.

புது இனத்தை விவரிக்க ஆதாரமா வெச்ச உடல்களைத்தான் ‘டைப்’னு சொல்லுவாங்க; அதுல முதன்மையான ஒண்ணு ஹோலோடைப், கூட வெச்ச மத்ததெல்லாம் பாராடைப். லேபிள் கட்டிட்டா மட்டும் டைப் ஆகிடாதுங்க. இனத்தை முதல்ல விவரிச்ச கட்டுரையில அந்தக் குறிப்பிட்ட மாதிரி உடல் இடம்பெற்றிருக்கணும். பெட்டோம்ங்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, இயற்கை ஆய்வாளர், 19-ஆம் நூற்றாண்டுல நம்ம மலைகள்ல இருந்து நிறைய கேடயவால் பாம்புகளை விவரிச்சார். ஆனா அந்தக் காலத்துல ஹோலோடைப், பாராடைப்னு பிரிச்சுக் குறிக்கிற வழக்கமே பெருசா இல்லை. அதனால இது பிற்காலத்துல சேகரிச்ச மாதிரி உடலோ, யாரோ ஆசைக்குக் கட்டிவிட்ட லேபிளோன்னு எனக்குச் சந்தேகம்.

எதுவா இருந்தாலும் தூக்கிப்போட மனசு வரலைங்க. பக்கத்துல ஆனைகட்டி மலையில இருந்தே 2018-ல யூரோபெல்டிஸ் பூபதியினு புது கேடயவால் பாம்பு இனம் விவரிச்சாங்களே!

லேபிள் எண் எந்த நிறுவனத்தோட வரிசைன்னு யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? மங்குன மையைப் புற ஊதா விளக்குல படிச்ச அனுபவம் இருக்கா? முக்கியமா, முன்னாடி ஃபார்மலின்ல (உடலைப் பதப்படுத்துற இன்னொரு திரவம்) வெச்சாங்களான்னு தெரியாம 70 சதவீத எத்தனால் ஊத்தலாமா? வயித்துச் செதில் எண்ணணும், ஆனா உடம்பு விறைச்சுக் கிடக்கு; பிரிக்கப் பயமா இருக்குங்க. லேபிளை அவிழ்க்கல. படம் போட்டிருக்கேன், வால் நுனி தெளிவா வேணும்னா மறுபடி எடுத்துப் போடறேன்.