ஒட்டிப்போன கையெழுத்து நோட்டுகளைப் பிரிப்பது எப்படி?

வணக்கம். தாத்தா சிறுகதை எழுத்தாளர். அவருடைய காகிதங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். அவர்களும் தயார். ஆனால் பூஞ்சை பிடித்ததை அப்படியே வாங்க மாட்டார்களாம், மற்ற சேகரிப்புக்கும் பரவிவிடும் என்று. நியாயம்தான்.

ஊர் கும்பகோணம். 1958 முதல் 1983 வரை எழுதிய 42 நோட்டுகள், ஒரு கட்டு இன்லண்ட் கடிதங்கள், எல்லாம் பரணில் தகரப் பெட்டியில் இருந்தன. போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி 6 நோட்டுகள் நனைந்துவிட்டன. நாங்கள் பார்த்தது தை மாதம். அதற்குள் காய்ந்து பலகை மாதிரி ஆகிவிட்டன. ஓரமெல்லாம் கரும்பச்சைப் புள்ளி, குண்டூசி இருந்த இடத்தில் துருக்கறை. பவுன்டன் பேனா நீல மை, ஈர விரல் பட்டாலே கரைகிறது. பால்பாயின்ட் பக்கங்களில் எழுத்து அப்படியே இருக்கிறது.

நிழலில் ஃபேன் காற்றில் பத்து நாள் வைத்தோம். வாடை குறைந்தது, தாள் பிரியவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி நுழைத்ததில் நான்கு தாள் வந்தது, ஐந்தாவது கிழிந்தது. "கதவைத் திறந்தபோது" என்பதோடு ஒரு கதை அறுந்து நிற்கிறது. அதோடு கையை எடுத்துவிட்டேன். பைண்டிங் கடைக்காரர் நீராவி காட்டச் சொன்னார். மைக்குப் பயந்து செய்யவில்லை. லேமினேஷன் யோசனை வேண்டாம், ஒட்டினால் திரும்ப எடுக்க முடியாது. நல்ல நோட்டுகளை வரிசை கலையாமல் போனில் படம் எடுத்தாயிற்று.

கேள்வி ஒன்றுதான்: கரையும் மையில் எழுதி, காய்ந்து ஒட்டிப்போன தாள்களை எழுத்து அழியாமல் பிரிக்க என்ன வழி?