மறு: ஃபேடெக்குக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் ஐயா,

விமான எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான ஃபேடெக்குக்கு (FADEC, Full Authority Digital Engine Control) நீங்கள் கேட்ட பெயர்:

> 'முழு அதிகார எண்ணிமப் பொறிக் கட்டுப்பாடு' என்று வைத்துக்கொள்ளலாமா?

'எண்ணிம' சரி. 'பொறி' வேண்டாம், எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியும் இங்கேயே வரும், குழப்பும். 'எந்திரம்' போதும்.

எனக்கு உறுத்துவது 'அதிகாரம்'தான். விமானியிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட கருவி என்று நினைக்க வைக்கிறது. எவ்வளவு உந்துவிசை வேண்டும் என்று கேட்பது விமானியின் நெம்புகோல். அதற்கு எவ்வளவு எரிபொருள் விடுவது என்பதே ஃபேடெக்கின் வேலை. முன்பு இதை திரவ அழுத்தத்தில் இயங்கும் இயந்திர அமைப்பு பார்த்துக்கொண்டது. மின்னணுக் கருவி பக்கத்தில் நின்று கொஞ்சம் திருத்தும், அவ்வளவுதான். 1984-இல் போயிங் 757-இல் வந்த பிராட் அண்ட் விட்னி எந்திரத்தில் அந்த வேலை முழுக்க மின்னணுவிடம் போனது. அந்த 'முழுக்க'வைத்தான் ஆங்கிலப் பெயர் சொல்கிறது. ஆகவே 'முழுப்பொறுப்பு' என்பேன்.

வெப்பநிலை உணரிகளை வைத்துப் பாருங்கள், இன்னும் தெளியும். நுழையும் காற்று சூடானால் அடர்த்தி குறையும். அதே உந்துவிசைக்கு விசிறி வேகமாகச் சுழல வேண்டும், உள்ளே விசையாழியின் (டர்பைன்) சூடும் ஏறும். பல எந்திரங்கள் கடல் மட்டத்தில் 30 டிகிரி செல்சியஸ் வரை முழு உந்துவிசை தரும். அதற்கு மேல் ஃபேடெக் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஏர்பஸ் ஏ320-இல் பூட்டிய சிஎஃப்எம்56 எந்திரத்தைத் தரையில் கிளப்பும்போது வளிமத்தின் (எரிந்த வாயுவின்) சூடு வரம்பைத் தாண்டப் போனால் எரிபொருளை அதுவே நிறுத்திவிடும். ஆனால் வானில் மறுபடி கிளப்பும்போது நிறுத்தாது. அந்த முடிவு விமானிக்கு விடப்பட்டிருக்கிறது. 'முழு அதிகாரம்' என்று எழுதினால் இந்த இடத்தை மாணவருக்கு எப்படி விளக்குவது?

அப்புறம், 'வெளியேறு வளிம வெப்பநிலை' (exhaust gas temperature) என்ற சொல் பற்றி. சிஎஃப்எம்56-இல் அதை அளப்பது வால்பக்கத்தில் அல்ல, தாழழுத்த விசையாழியின் உள்ளே. எரியறைக்கு ஒட்டிய இடத்துச் சூட்டில் உணரி நெடுநாள் தாங்காது. அதனால் சற்றுப் பின்னால் வைத்து, அங்கு கிடைக்கும் அளவைக் கொண்டு முன்பக்கத்துச் சூட்டைக் கணிக்கிறார்கள். 'விசையாழி வளிம வெப்பநிலை' என்றால் படிப்பவர் சரியான இடத்தைப் பார்ப்பார். உணரிக்கு நம் பாடநூல் தந்த 'வெப்ப மின்னிரட்டை' (thermocouple) இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

என் முன்மொழிவு: முழுப்பொறுப்பு எண்ணிம எந்திரக் கட்டுப்பாடு. நீளம்தான். பேச்சில் 'ஃபேடெக்' இருக்கட்டும். 'பொறுப்பு' உங்களுக்கு ஒப்புதலா ஐயா?